அமிர்தம் அக்கா வீட்டுப் பாசிப் பலகை

12 ஆகஸ்ட் 2001, ஞாயிறு

பூசை முடிந்து வந்து வெங்காயம் உரிக்க உட்கார்ந்தவள், பாதியில் எழுந்து மாடி வீட்டுக்குப் போனேன். காரணம் ஒன்றும் இல்லை. நாலைந்து நாளாக இருப்புக் கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அமிர்தம் அக்கா வீட்டு ஹாலில் நான் செய்து கொடுத்த பாசிப் பலகை வெளுத்துக் கிடக்கிறது. போன மாதமே ஓரத்தில் லேசாகத் தெரிந்தது. என் கண்ணில்தான் கோளாறு என்று விட்டுவிட்டேன். இன்றைக்கு அவள் வீட்டுக்காரர் வேணு அண்ணன் படத்தைச் சுற்றி நாலு பக்கமும் வைக்கோல் நிறம்.

போன கிறிஸ்துமஸுக்கு வந்த வினை இது. தூத்துக்குடியில் உலர்பூ ஏற்றுமதி செய்கிற கம்பெனியில் பேக்கிங் பார்க்கும் என் அக்கா ஸ்டெல்லா, குடிலுக்கு என்று ஒரு பை பாசி அனுப்பியிருந்தாள். பதப்படுத்திய பாசி. தண்ணீர் வேண்டாம், மண் வேண்டாம், தொட்டால் பஞ்சு மாதிரி இருக்கும். குடில் பார்க்க வந்த வேணு அண்ணன் அதைத் தடவித் தடவிப் பார்த்தார். "இது காயவே காயாதாம்மா?" என்றார். "பத்து வருசத்துக்கு இப்படியேதான் இருக்கும்ணே" என்றேன், ஏதோ நானே படைத்தவள் போல.

பிப்ரவரியில் அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டார். காரியம் முடிந்ததும் அமிர்தம் அக்கா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. படத்துக்குப் பின்னால் அவருக்குப் பிடித்த அந்தப் பச்சை வேண்டும். ஒரு பலகை முழுக்கப் பாசியை ஒட்டி, நடுவில் படத்தை மாட்டிக் கொடுத்தேன். பார்த்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். எனக்கும் பெருமைதான், பொய் சொல்வானேன்.

இன்று அக்கா பலகையைப் பற்றி வாயே திறக்கவில்லை. முத்தாண்டிக்குப்பத்திலிருந்து வந்திருந்த அவளுடைய கொழுந்தனார் கொளஞ்சிநாதன்தான் சொன்னார். "அண்ணன் மனசு ஒப்பல அண்ணி. அதான் வாடிகினு வருது."

எதற்கு ஒப்பவில்லை என்று அங்கே யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். அண்ணன் இறந்ததற்காக அவர் வேலை பார்த்த மைன்ஸிலேயே அக்காவுக்கு வேலை போட்டு ஆர்டர் வந்திருக்கிறது. அக்டோபர் ஒன்றாம் தேதி சேர வேண்டும். கொளஞ்சிநாதனுக்கு அது பிடிக்கவில்லை. பையன் குமரவேல் பெரியவனானதும் அவன் அந்த வேலைக்கு மனுப் போடட்டும், அதுவரைக்கும் எல்லோரும் ஊருக்கு வந்துவிடுங்கள் என்கிறார். கெட்ட மனுஷன் இல்லை. அண்ணன் பிள்ளைகள் என்றால் உயிர். அதனால்தான் அவர் சொன்னால் அக்கா கேட்டுவிடுவாள் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

14 ஆகஸ்ட்

எஸ்டிடி பூத்தில் நின்று ஸ்டெல்லாவைப் பிடித்தேன். "லைட் எதுவும் பக்கத்துல போட்டிருக்காவளா?" என்றாள். எடுத்த எடுப்பில்.

போட்டிருக்கிறது. என் வீட்டுக்காரர் கிளமென்ட் போட்டது.

ஸ்டெல்லா சொன்னது: அது உயிருள்ள பாசியே இல்லை. கிளிசரினில் ஊறவைத்து, பச்சைச் சாயம் ஏற்றியது. வெளிச்சம் பட்டுக்கொண்டே இருந்தால் சாயம் போய்விடும், சூடும் சேர்ந்தால் மொறுமொறுவென்று ஆகிவிடும். இருட்டுப் பெட்டியில் போவதால்தான் கப்பலில் பச்சை மாறாமல் போய்ச் சேருகிறது. "துணிய வெயில்ல போட்டா வெளுக்கும்லா, அது மாதிரிதான். ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன்ட்டி" என்றாள்.

எனக்கு என்ன தெரியும். குடிலைப் பத்து நாளில் பிரித்துவிடுகிறோம்.

15 ஆகஸ்ட்

கிளமென்ட்டிடம் சொன்னேன். வேணு அண்ணனும் இவரும் மைன்ஸில் ஒரே செக்‌ஷன் எலக்ட்ரீஷியன்கள். படத்துக்கு முன்னால் முதலில் சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்புதான் எரிந்தது. "முகமே தெரியலையே" என்று இவர்தான் ஹாலஜன் ஃபோகஸ் லைட்டை வாங்கிக்கொண்டு போய், படத்துக்கு ஒரு முழம் தள்ளி மாட்டினார். நட்புக்குச் செய்தார், குறை சொல்ல முடியாது. ஆனால் அது மார்ச்சிலிருந்து இரவும் பகலும் எரிகிறது. இந்த ஊரில் யார் ஸ்விட்சை அணைத்திருக்கிறார்கள்? நிலக்கரி தோண்டிக் கரண்டு எடுக்கிற, கரண்டே போகாத ஊர். ஆள் இல்லாத அறையில் ஃபேன் சுற்றும், பட்டப்பகலில் வராந்தா விளக்கு எரியும். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்தால் வாயைப் பிளப்பார்கள்.

"அப்ப என்னாலதான் போச்சுங்கிற" என்றார். ஆமாம் என்றேன். சாப்பிடாமல் நைட் ஷிஃப்டுக்குப் போய்விட்டார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. இங்கே ஒரு வீட்டில் இரண்டு ஆண்டி.

18 ஆகஸ்ட்

அக்காவிடம் சொல்லியாயிற்று. கொளஞ்சிநாதனும் இருந்தார். லைட்தான் காரணம், அதை அணைத்துவிடுங்கள் என்றேன்.

அவர் என்னைக் குழந்தையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "எம்மா, வெளிச்சத்துல எங்கனா செடி வாடுமா? நெழல்ல வச்சாதானே வாடும். நான் பொறந்ததுலேர்ந்து பயிர் வச்சிகினு கீறவன்."

"அது செடி இல்லைங்க. செத்துப்போனது. சாயம் போட்டது."

செத்துப்போனது என்ற வார்த்தையை அந்தப் படத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டாம். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் நாக்கில் சனி.

விளக்கையும் அணைக்கக் கூடாதாம். வருஷத் திதி வரைக்கும் விளக்கு எரிய வேண்டும், படத்தை மாட்டிய இடத்தை விட்டு எடுக்கக் கூடாது. அவர்கள் வீட்டு முறை. பிப்ரவரி வரைக்கும்! அக்டோபர் ஒன்று அதற்கு முன்னால் வந்துவிடுமே.

19 ஆகஸ்ட்

படத்துக்கு மேல் இப்போது இரண்டு ஃபோகஸ் லைட்.

செடிக்கு வெளிச்சம் போதவில்லை என்று கொளஞ்சிநாதன் சொல்லி, அக்கா கேட்டு, கிளமென்ட் போய் மாட்டிவிட்டு வந்திருக்கிறார். நான்கு நாளுக்கு முன்னால்தானே இவரிடம் படித்துப் படித்துச் சொன்னேன்? "அவங்க வாய் திறந்து கேக்கும்போது எப்படி மாட்டேங்கறது ஆனி?" இந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன், மாதாவே. ஜன்னல் திரையையும் விலக்கி வைத்திருக்கிறார்கள். மத்தியானம் வெயில் நேராகப் பலகையில் விழுகிறது.

21 ஆகஸ்ட்

ஒரு யோசனை. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து பகலில் தூங்குகிறவருக்காக எங்கள் படுக்கையறை ஜன்னலில் கறுப்புத் தாள் ஒட்டியிருக்கிறது. இந்த பிளாக்கில் பாதி வீடு அப்படித்தான். அந்த இருட்டில், கட்டிலுக்கு அடியில், மிச்சப் பாசி அட்டைப் பெட்டியில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். கிளிப்பச்சை! அதே பை, அதே நாள் வந்தது.

ஓடினேன் மாடிக்கு. செருப்புக்கூடப் போடவில்லை.

கொளஞ்சிநாதன் இல்லை. அக்கா மட்டும் இருந்தாள். பாசியைக் கையில் வாங்கி, பலகைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். "இது உன் வூட்டுல இருந்தது ஆனி. உன் வூட்டுல எல்லாரும் நல்லா கீறீங்க" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. இறங்கி வந்து அழுதேன்.

22 ஆகஸ்ட்

கிளமென்ட்டிடம் அதே மாதிரி ஒரு ஃபோகஸ் லைட் கேட்டு வாங்கினேன். எங்கள் வீட்டு ஹாலில், ஒரு அட்டையில் பாசியை ஒட்டி, நடுவில் படத்துக்குப் பதிலாக ஹார்லிக்ஸ் பாட்டில் மூடியைக் கவிழ்த்து, லைட்டை அதன் தலைக்கு மேல் ஒரு சாண் கிட்டத்தில் எரியவிட்டாயிற்று. இனி அணைக்கப் போவதில்லை.

ஊரில் எல்லோரும் காரணம் இல்லாமல் எரிக்கிறார்கள். நான் காரணத்தோடு எரிக்கிறேன்.

29 ஆகஸ்ட்

ஒன்றும் ஆகவில்லை. அப்படியே பச்சை.

2 செப்டம்பர்

காலையில் எழுந்ததும் அதைத்தான் பார்க்கிறேன். அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்து பார்க்கிறேன், பால் பொங்கிவிடுகிறது. வெளுக்க வேண்டும் என்று ஜெபம் பண்ணுகிற முதல் பைத்தியம் நானாகத்தான் இருப்பேன்.

8 செப்டம்பர்

மாதா திருவிழா. வேளாங்கண்ணிக்குப் போகவில்லை, கோயிலுக்கு மட்டும் போனேன். அமிர்தம் அக்காவுக்காக மெழுகுவர்த்தி ஏற்றும்போது சிரிப்பு வந்துவிட்டது. இதுவும் வெளிச்சம்தான்.

அக்கா சாயந்திரம் படியில் உட்கார்ந்திருந்தாள். நானும் உட்கார்ந்தேன். அவளே பேச்சை எடுத்தாள். "எனக்குப் போவணும்னுதான் கீது ஆனி. பசங்க இங்கயே படிக்கும். ஆனா அவுரு இருந்தப்ப வேலைக்குப் போன்னும் சொன்னதில்ல, போவாதன்னும் சொன்னதில்ல. இப்ப யாரக் கேக்குறது? அவுரு சொல்றது அதுல மட்டும்தான் தெரியுது."

அதுல என்றால் என் பலகையில். நான் ஃபெவிகால் போட்டு ஒட்டிய பலகையில்.

15 செப்டம்பர்

வெளுக்கிறது! ஓரத்தில். மூடிக்கு அடியில் என்ன என்று பார்க்கக் கை பரபரக்கிறது. பார்க்க மாட்டேன்.

20 செப்டம்பர்

இன்று தப்புக் காரியம் செய்யப் போனேன். அக்கா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். மகள் சண்முகப்பிரியா கதவைத் திறந்து விட்டுவிட்டு உள்ளே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். வேணு அண்ணன் படத்தின் கீழ்ச் சட்டத்தில் விரலை வைத்துவிட்டேன். கொஞ்சம் தூக்கினால் போதும். பின்னால் இருக்கிற பாசி ஆறு மாதமாக வெளிச்சமே பார்க்காதது. அது பச்சையாக இருந்தால் வழக்கு முடிந்தது.

தூக்கவில்லை. முறைக்காக மட்டும் இல்லை. அந்தச் சூட்டில் பின்னாலும் கருகிப் போயிருந்தால்? அப்புறம் நான் சொன்னதும் பொய்யாகிவிடும். கொளஞ்சிநாதன் சொன்னதே உண்மையாகிவிடும்.

அண்ணன் படத்தில் சிரித்துக்கொண்டே இருக்கிறார். "இது காயவே காயாதாம்மா?" சொல்லித் தொலையுங்களேன் அண்ணே, உங்களுக்கு என்ன இஷ்டம் என்று.

26 செப்டம்பர்

இதற்கு மேல் பொறுக்க முடியாது. அட்டையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், மூடியைத் திறக்காமலே அக்கா மடியில் வைத்தேன். "என் வீட்டுலயும் வாடிப் போச்சுக்கா, பாருங்க. எங்க வீட்டுல யாரும் யார் மேலயும் வருத்தமா இல்ல. நான் வேணும்னே லைட்டைப் போட்டேன்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

அக்காவே மூடியை எடுத்தாள். அடியில் வட்டமாக, கிளிப்பச்சையாக, அன்றைக்கு வந்த மாதிரியே இருந்தது. சுற்றிலும் வைக்கோல்.

மூடியை அதே வட்டத்தில் திரும்பப் பொருத்தி என்னிடம் கொடுத்தாள். பிறகு குமரவேலைச் சாப்பிடக் கூப்பிட்டாள். இவ்வளவுதானா?

29 செப்டம்பர்

கொளஞ்சிநாதன் திங்கட்கிழமை மத்தியானத்துக்கு டெம்போ சொல்லியிருக்கிறாராம். இரும்பு பீரோவை முதலில் ஏற்றிவிடலாம் என்று படியில் நின்று கிளமென்ட்டிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கிளமென்ட் தலையைத் தலையை ஆட்டினார். அவர் தலை யார் சொன்னாலும் ஆடும்.

30 செப்டம்பர், ஞாயிறு

பூசையில் மனம் ஒட்டவில்லை. மாடியில் ஏதோ நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. மூட்டை கட்டுகிறார்கள். இன்று நான் மேலே போகப் போவதில்லை. போனால் ஏதாவது பேசிவிடுவேன்.

1 அக்டோபர் 2001, திங்கள்

விடிந்தும் விடியாமலும் யாரோ கதவைத் தட்டினார்கள். டெம்போ இப்போதே வந்துவிட்டது, சாமான் இறக்க கிளமென்ட்டைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துத் திறந்தேன்.

அமிர்தம் அக்கா. வெளிர்நீலப் புடவை, தோளில் பை, கையில் வேணு அண்ணனின் டிபன் கேரியர்.

"இட்லி மூடி வச்சிகீறேன். பிரியாவுக்குப் பின்னல் மட்டும் போட்டு வுட்டுடு. டெம்போ வந்தா உன் வூட்டுக்காரர திருப்பி அனுப்பிடச் சொல்லு" என்று சாவியைக் கையில் திணித்தாள். "பஸ் வந்துடும் ஆனி" என்று இறங்கிப் போனாள். வாசலிலிருந்து பார்த்தேன். ஜெனரல் ஷிஃப்ட் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களோடு போய் நின்றாள். ஒரு தடவை கேரியரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். பஸ் வந்தது, ஏறினாள்.

மாடிக்குப் போனேன். ஹால் இருட்டாக இருந்தது. ஏழு மாதத்தில் முதல் தடவை. இரண்டு லைட்டும் அணைந்திருந்தன, ஜன்னல் திரையும் மூடியிருந்தது. வேணு அண்ணன் படம் எதிர்ச்சுவரில், காலண்டர் மாட்டுகிற ஆணியில் சிரித்துக்கொண்டிருந்தது. பலகை பழைய இடத்திலேயே இருந்தது. சுற்றிலும் வெளுத்துப்போய், நடுவில் படத்தின் அளவுக்குச் சரியாகச் சதுரமாக, தொட்டால் கையில் ஒட்டும் போலப் பச்சை.

பின்னல் போட அங்கேயே உட்கார்ந்து பிரியாவைக் கூப்பிட்டேன்.

சண்முகப்பிரியா சீப்பும் ரிப்பனுமாக வந்து முன்னால் உட்கார்ந்தாள். "அம்மா நேத்து நாற்காலி போட்டு ஏறி எடுத்துச்சு ஆன்ட்டி. சித்தப்பாவுக்குக்கூடத் தெரியாது. ரொம்ப நேரம் அதையே பாத்துகினு நின்னுச்சு."

"ஏதாவது சொன்னாங்களா?"

"உங்கப்பா கோச்சிக்கலடி, லைட்டுதான்னுச்சு."

வகிடு சரியாகத் தெரியவில்லை. கை தானாக ஸ்விட்சுக்குப் போனது, பாதியில் இழுத்துக்கொண்டேன். பிள்ளையை எழுப்பி வாசற்படிக்குக் கூட்டிவந்து, அங்கே உட்காரவைத்துப் பின்னல் போட்டுவிட்டேன்.