இசைத்தட்டில் கேட்ட டிக் சத்தம்

அடி மும்தாஜு, என் கண்ணே,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. காய்ச்சல் என்று நாலு நாள் லீவு போட்டுப் பழவேற்காட்டுக்குப் போனவள் அந்தக் காய்ச்சலிலேயே கண்ணை மூடிவிட்டாய். இன்றைக்கு நான் செய்துவிட்டு வந்திருக்கும் காரியத்தை நீ பார்க்காதது நல்லதாகப் போயிற்று. ஆனால் நீ இருந்திருந்தால் இப்படி நடந்தே இருக்காதே என்று அழுகையும் வருகிறது.

கும்மிடிப்பூண்டியில் நம் கம்பெனிக்கு இசைத்தட்டு ஆர்டர் குவிகிறது. பழைய தட்டுகளையெல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் மறுபடி அச்சடித்து வாங்குகிறார்கள். இந்த வாரம் வந்தது அமெரிக்காவின் நாட்டுப்புறப் பாட்டு, கன்ட்ரி என்கிறார்கள். எந்தக் காலத்திலோ ஒரு மண்டபத்தில் ஜனங்களுக்கு முன்னால் பாடியதை அப்படியே பதிவு செய்தது. கிடார், பிடில், நடுநடுவே கைதட்டல், சிரிப்பு, யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தம். உனக்குப் பிடித்திருக்கும். ஒரு வார்த்தை புரியாமலே தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பாயே.

மாதிரித் தட்டை முழுசாகக் கேட்டுக் கையெழுத்துப் போட வேண்டியவள் நான். முதல் பாட்டிலேயே இடது பக்கம் லேசாக ஒரு டிக். நம் வேலை உனக்குத் தெரியாததா? சத்தம் ஒரு தரம் வந்தால் அது மண்டபத்துச் சத்தம். தட்டு சுற்றுகிற ஒவ்வொரு சுற்றுக்கும் வந்தால் அச்சிலேயே பழுது. இது விடாமல் வந்தது. ஆனால் பாட்டின் தாளத்தோடும் ஒட்டி வந்தது. பாடுகிறவர் பூட்ஸ் காலால் தரையைத் தட்டுகிறார் என்று நினைத்தேன். “பாடகர் கால் தட்டல்” என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

எனக்கு இடது காது மந்தம் என்பது பக்கத்து நாற்காலியில் இருந்த உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது. சந்தேகம் வந்தால் ஹெட்போனை உன்னிடம் நீட்டுவேன். “குடுக்கா, நான் கேட்டுச் சொல்றேன், நீ சாயா குடி” என்பாய். அந்த நாற்காலியில் இப்போது பள்ளிப்பட்டுப் பெண் காயத்ரி உட்காருகிறாள். நல்ல பிள்ளைதான். ஆனால் “ஏன்க்கா, உனக்குக் கேக்கலியா?” என்று அவள் கேட்டுவிட்டால்? நீட்டவில்லை.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் டிரைவர் பாட்டுப் போட்டார். பின் சீட்டில் இருந்தவர்கள் கம்பியில் தாளம் தட்டிக்கொண்டு வந்தார்கள். பாட்டு வேகம் எடுத்ததும் தட்டலும் வேகம் எடுத்தது. புதுவாயல் ஜங்ஷனில் பஸ் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. அந்த அமெரிக்கக்காரர் நாலாவது பாட்டில் குதிரை ஓட்டமாகப் பாடினாரே, டிக் மட்டும் ஏன் அதே நிதானத்தில் வந்தது? கடைசியில் பாட்டை விட்டுவிட்டு ஜனங்களோடு பேசினாரே, அப்போதும் வந்ததே? பேசிக்கொண்டே எவனடி அளவு தப்பாமல் கால் தட்டுவான்?

நாளைக் காலை ஷிப்டில் என் கையெழுத்தை நம்பித்தான் மெஷினை ஓட்டப் போகிறார்கள். அத்தனை தட்டிலும் அந்த டிக் இருக்கும். சொல்லாவிட்டால் மொத்தச் சரக்கும் கப்பலேறிப் போய்த் திரும்பி வரும். சொன்னால் காது விஷயம் வெளியே வரும். காதை வைத்துச் செய்கிற வேலையில் காது போனவளுக்கு என்ன இடம்? இந்த வயதில் வேறு யார் என்னைக் கூப்பிடுவார்கள்?

வீட்டுக்கு வந்ததும் நம் சூப்பர்வைசர் ஏகாம்பரம் சாருக்கு ரெண்டு தரம் போன் போட்டு, ரெண்டு தரமும் மணி அடிப்பதற்குள் கட் செய்தேன். நீ என்ன சொல்லியிருப்பாய்? “பேஜாரு பண்ணாதக்கா, போனப் போடு” என்றா? “சும்மா இரு, நான் பாத்துக்கறேன்” என்றா? நீ ரெண்டும் சொல்லக்கூடியவள்.

மூன்றாவது தரம் கட் செய்யவில்லை.

“சார், அந்த கன்ட்ரி தட்ட ஓட்டாதீங்க. அது காலு இல்ல, அச்சுல பழுது.”

“இன்னாம்மா இது, நீதானே கேட்டுக்கினு கையெழுத்துப் போட்ட?”

“எனக்கு இடது காது சரியாக் கேக்காது சார்.”

“எத்தினி நாளா?” என்றார். “ரெண்டு வருசமா” என்றேன். “மெஷின நான் நிறுத்தி வைக்கறேன். காலைல மெடிக்கல் ரூமுக்கு வா. காது டெஸ்ட் எடுக்கணும்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். கோபமா வருத்தமா, குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. சோறு இறங்கவில்லை.

போன வருஷ டெஸ்ட் ஞாபகம் இருக்கிறதா? கண்ணாடி அறைக்குள் நான். பீப் கேட்டால் கை தூக்க வேண்டும். வெளியே வரிசையில் நின்ற நீ, டெஸ்ட் எடுக்கிற அந்தம்மா பீப் பட்டனை அழுத்தும்போதெல்லாம் மூக்கைச் சொறிந்தாய். உன் மூக்கைப் பார்த்துப் பார்த்துக் கை தூக்கி நான் பாஸ் ஆனேன். “மூக்கு புண்ணாப் பூடுச்சுக்கா, பிரியாணி வாங்கிக் குடு” என்றாயே, பாவி! சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

நாளைக்குக் கண்ணாடிக்கு வெளியே நீ இருக்க மாட்டாய். பயமாக இருக்கிறது மும்தாஜு, ரொம்பப் பயமாக இருக்கிறது. வேலை நிற்குமா, போகுமா, தெரியாது. ஒன்றுக்கு மட்டும் உனக்குச் சத்தியம் செய்து தருகிறேன். கேட்டால்தான் கை தூக்குவேன்.

நீ அக்கா அக்கா என்று கூப்பிட்டே அக்காவாக்கிய
சுலோச்சனா