என் சோளம் மட்டும்

ஜூன் 28
தெற்குப் பக்கம் பாதி மக்காச்சோளம் சாய்ந்து கிடக்கிறது. கொஞ்சம் மழை, கொஞ்சம் காற்று, அவ்வளவுதான். வரப்புக்கு அந்தப் பக்கம் அக்காவின் சோளம் விறைப்பாக நிற்கிறது. ஒரே மழை, ஒரே விதை. எனக்கு மட்டும் ஏன்?

ஜூன் 29
ஒரு செடியைப் பிடித்து இழுத்தேன். முள்ளங்கி மாதிரி கையோடு வந்துவிட்டது. வேர் இருந்த இடத்தில் கறுத்த குச்சிகள். மண்ணில் நூல் கனத்தில் வெள்ளைப் புழுக்கள்.

விதை வாங்கி வந்தது மாமா, அக்கா வீட்டுக்காரர். மருந்து பூசிய விதை என்றார். பங்கு போட்டதும் அவர்தான். என்னிடம் வந்த மூட்டையின் வாய் பிரித்துக் கட்டியிருந்தது. இப்போது அதுதான் கண்ணுக்குள் நிற்கிறது.

ஜூலை 1
மாமா கயிறோடு வந்தார், சாய்ந்ததை நிமிர்த்திக் கட்ட. "அடடா, என்னம்மா இப்படி ஆயிடுச்சு?"

அந்த 'அடடா'வில் ஏதோ இருந்தது. சாய்ந்த விஷயத்தை அவருக்கு யார் சொன்னது? அக்காவிடம்கூட நான் சொல்லவில்லையே. வரப்பில் நின்றால் யாருக்கும் தெரியும்தான். இருந்தாலும்.

ஜூலை 3
கேட்டே விட்டேன். "நல்ல விதையை நீங்க வெச்சுக்கிட்டு மிச்சத்தை என் தலையில கட்டிட்டீங்களா மாமா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் எழுந்து, கையைக் கழுவிவிட்டு வெளியே போனார். அக்காதான் கத்தினாள். "உனக்கு யாரைத்தான்டி நம்பத் தெரியும்?"

தப்பு செய்யாதவர் பதில் சொல்லியிருப்பார் — இல்லையா?

ஜூலை 6
மத்தியானம் அவர்கள் வெளியே போயிருந்தார்கள். மண்வெட்டியோடு அக்கா வயலில் இறங்கினேன். திருட்டுத்தனம்தான், வேறென்ன பேர்? மூன்று செடிகளைத் தோண்டி வாளித் தண்ணீரில் அலசினேன்.

அங்கேயும் புழு! அதே கடி, அதே கறுப்பு. ஆனால் அதற்கு மேலே புது வேர்கள், வெள்ளையாக, கொத்துக் கொத்தாக.

நல்ல விதை என்றால் புழு ஏன் கடித்தது? ஒன்றும் புரியவில்லை. பயமாக இருக்கிறது.

ஜூலை 7
நான் கூப்பிட்டு வேளாண்மை அலுவலகத்து அம்மா வந்தார். நேற்று அலசிய வேர்களையும் என் வயல் வேர்களையும் காட்டினேன். நீளமான கம்பியை மண்ணில் குத்தினார். அக்கா பக்கம் முழங்கை ஆழம் இறங்கியது. என் பக்கம் நாலு விரலோடு நின்றுவிட்டது.

"மருந்து பூசுன விதைன்னாங்களே?" என்றேன்.

"அது முளைக்கிறப்ப காப்பாத்தும். பின்னாடி வர்ற புழுவுக்குப் பத்தாது. ரெண்டு பக்கமும் ஒரே அளவுதான் தின்னிருக்கு. அங்க மண்ணு பொலபொலன்னு இருக்கு, செடி மறுபடி வேர் விட்டுடுச்சு. இங்க சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடக்கு. புது வேர் எங்க போகும்? ஈரம் காயறதுக்குள்ள டிராக்டர் விட்டீங்களா?"

விட்டேன்.

விதைப்புக்கு முன்னால், நாலு நாள் பொறுக்கச் சொன்னார் மாமா. தன் வயலை முதலில் உழுதுகொள்ளத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். அடம்பிடித்து, சேற்றோடு சேறாக டிராக்டரை இறக்கியது நான்.

அப்புறம் அந்த மூட்டை — பிரிக்காமல் எப்படிப் பங்கு போடுவார்கள்? இதுகூடவா எனக்குத் தோன்றவில்லை?

ஜூலை 8
அக்கா வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன், தோண்டியதையும்.

"அந்த மூணு குழியையும் அவர் அன்னைக்கே பாத்துட்டாரு" என்றாள் அக்கா. "மூடினதும் அவர்தான்."

மாமா உள்ளேதான் இருந்தார். வெளியே வரவில்லை.

செப்டம்பர் 20
சாய்ந்த பயிரில் அறுவடை இயந்திரம் ஓடாது. கதிரைக் கையால்தான் ஒடிக்க வேண்டும். அக்கா வந்தாள். கொஞ்ச நேரத்தில் மாமாவும் வந்து பக்கத்து வரிசையில் குனிந்தார்.

மாலையில் என் மூட்டைகளையும் தன் வண்டியில் ஏற்றினார். எடை போட்டு வருவதாக அக்காவிடம் சொன்னார்.

"நீயும் ஏறிக்கோ, நேர்லயே பாத்துடு" என்றாள் அக்கா.

வேண்டாம் என்றேன். வண்டி பாதை வளைவில் மறையும்வரை நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து குளித்தேன்.