நாற்பத்து மூன்றாவது வசவு

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே அம்மாவுக்கும் தங்கைக்கும் சுகத்துக்குக் குறைவில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்பதை நிஜமாகவே தெரியாமல்தான் கேட்கிறேன், ஒன்பது நாளாக நீ போனை எடுக்கவில்லை. அம்மா அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடக்கிறாள், வேலை அதிகமாக இருக்கும் என்று நானும் வாய்க்கு வந்த சமாதானம் சொல்லி வைத்திருக்கிறேன். ஆனால் காரணம் எனக்குத் தெரியும், அதைச் சொல்லாமல் எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

போன வாரம் எங்கள் அச்சகத்தில் செவிலியர் பாடநூல் ஓடியது. பழைய எழுத்துருவில் அடித்து வந்ததை, எல்லோரும் இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளும் அந்த மென்பொருளில் போட்டுத்தான் புதிய எழுத்துருவுக்கு மாற்றினோம். புதிய பதிப்பு வந்திருந்தது. அதில் கொம்பெல்லாம் உதிர்ந்துவிட்டது, 'பெண்' 'பண்' ஆகி, 'செவிலி' பக்கத்துக்குப் பக்கம் 'சவிலி' ஆகி, நூற்றுப் பன்னிரண்டு பக்கம் அச்சேறிய பிறகுதான் பைண்டர் பார்த்துச் சொன்னார். முதலாளி எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்ட கேள்வியில் எனக்குக் காது அடைத்துவிட்டது. அந்த ஆத்திரத்தில் மென்பொருளின் இணையப் பக்கத்துக்குப் போனேன். ஏற்கெனவே நாற்பத்திரண்டு பேர் வசைபாடியிருந்தார்கள். நானும் அச்சகத்தின் பெயரில் எழுதினேன், இலவசம் என்றால் குப்பையைக் கொடுக்கலாமா, பெற்றவர்கள் உனக்கு என்னதான் சொல்லிக் கொடுத்தார்கள் என்று. செய்தவர் பெயர் 'மண்புழு' என்று இருந்தது, யாரோ வேலையற்றவன் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து உன் தங்கையிடம் வீரமாகக் காட்டினேன். அவள் படித்துவிட்டுப் போனை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். பிறகு, "அப்பா, மண்புழு நம்ம அண்ணன்தான்பா" என்றாள். அச்சகத்தின் பெயரைப் பார்த்ததுமே எழுதியது நான்தான் என்று நீ கண்டுகொண்டிருப்பாய். வேலை முடிந்து வந்து, சம்பளம் இல்லாமல் நான்கு வருஷமாக இதைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறாயாமே. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்கப் போய், நான் எப்போதாவது கேட்டேனா என்று எனக்கே தோன்றியது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பிழை பார்ப்பது என் வேலை, அதற்குத்தான் அங்கே நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். இயந்திரம் சரியாக மாற்றியிருக்கும் என்று மேலோட்டமாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது நான்.

மறுநாள் விடுப்பு எடுத்து, கெட்டுப்போன பக்கங்களை ஒரு வரி விடாமல் படித்தேன். எந்த எழுத்துக்கு முன்னால் கொம்பு உதிர்கிறது, எதற்கு முன்னால் நிற்கிறது என்று முந்நூறு சொல்லுக்குப் பட்டியல் போட்டு, மன்னிப்பும் கேட்டு அந்த இணையப் பக்கத்திலேயே ஏற்றினேன். உன் அப்பா என்று எழுதக் கை வரவில்லை. அதை வைத்து 'ஆந்தை' என்று யாரோ முகம் தெரியாதவர் மென்பொருளைத் திருத்தி அனுப்ப, நேற்றுக் காலை நீ ஏற்றுக்கொண்டாய். கீழே, "பட்டியல் ரொம்ப உதவியா இருந்துச்சு, நன்றி ஐயா" என்று எழுதியிருந்தாய். உயிரோடு இருக்கிறாய் என்று மூச்சு வந்தது. அந்த 'ஐயா'வைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. முன்பின் தெரியாதவர்கள் எழுதுவதைத் தூங்கப் போகும் முன் படிக்காதே. இதை இழுத்து மூடிவிட்டாலும் எனக்குச் சம்மதம்தான், தொடர்ந்து செய்தால் ஒவ்வொரு பதிப்பையும் வெளியிடும் முன் எனக்கு அனுப்பு, நான் படித்துத் தருகிறேன். நன்றாக இரு. மறக்காமல் ஒன்று செய், என்னைத் திட்ட வேண்டும் என்றால் அங்கே எழுதாதே, கூப்பிட்டுத் திட்டு. குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்கிறேன்.

என்றும் உன் நலம் வேண்டும்
அப்பா