போடிமெட்டு மேகத்தில் உன்னைத் தேடினோம்

பிரியமான ராசு அண்ணனுக்கு,

உன்னை மலைமேல் பார்த்ததாகக் கருப்பையா அண்ணன் சொன்ன அன்று நான் வாசலில்தான் நின்றேன். "அவர் சும்மா சொல்கிறார், அம்மா" என்று சொல்லவில்லை.

கடற்படை விமானத்தில் பயிற்சியின்போது நீ கடலில் விழுந்துவிட்டாய் என்று தந்தி வந்திருந்தது. உடல் கிடைக்கவில்லையாம். மாமா அதைத் தமிழில் சொன்னபோது அம்மா அழவில்லை. கருமாதிக்குச் சம்மதிக்கவும் இல்லை. சீமைக்குப் படிக்கப் போய், சண்டை வந்ததும் விமானம் ஓட்டச் சேர்ந்தவன் நீ. "விமானத்தில் மேலே போனால் நம் போடிமெட்டு மலையுச்சியில் நிற்கிற மாதிரியே இருக்கிறது, மேகமெல்லாம் காலுக்குக் கீழே" என்று எழுதியிருந்தாய். நான்தான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

அதை வைத்து நீ அந்த மலைமேல்தான் இருக்கிறாய் என்று நம்பித்தான், கழுதைகளில் ஏலக்காய்ப் பொதி ஏற்றி மலையிலிருந்து இறங்கும் கருப்பையா அண்ணனை அம்மா அன்று நிறுத்தினாள்.

"ஏப்பா, மேல எம்மயனப் பாத்தியா?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "பாத்தேன் ஆத்தா. நல்லாத்தான் இருக்காப்ல."

"எளைச்சிட்டானா?"

"எங்கிட்டு ஆத்தா! எங்கழுதைய விட நல்லாத் திங்கிறாப்ல."

அம்மா சிரித்துவிட்டாள். அதை எப்படிக் கெடுப்பேன், சொல்?

பிறகு அவர் இறங்கும்போதெல்லாம் கேட்டாள். அந்த மயக்கம் என்னையும் பிடித்துக்கொண்டது. படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்திலிருந்து நிமிர்ந்தால், வெள்ளையாக மூடிக்கிடக்கும் உச்சிக்குள் நீ சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நிற்பதுபோல் இருக்கும். அது வெறும் பனிதானா, அண்ணே?

ஒருநாள் அம்மா, "கெளம்பு. அவன் எறங்கி வரமாட்டேங்கிறான், நாம போவோம்" என்றாள்.

விடியும்போது கழுதைகளின் பின்னால் ஏறினோம். ஏலச்செடிகள் சொட்டிக்கொண்டிருந்தன. முன்னால் போனவை கண்ணுக்குத் தெரியவில்லை. அவற்றின் மணிச்சத்தம் மட்டும் எங்களைக் கூட்டிக்கொண்டு போனது. உச்சியைத் தொட்டதும் மேகம் முழுக்க எங்களுக்குக் கீழே கிடந்தது. போடி ஊர் இல்லை, வயல் இல்லை. வெள்ளை மட்டும், அதன்மேல் வெயில். நீ எழுதியது அப்படியே இருந்தது.

"ராசு! ஏலே ராசு!"

சோற்றுக்குக் கூப்பிடுகிற குரலில்தான் கூப்பிட்டாள். கருப்பையா அண்ணன் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"நான் பாக்கல ஆத்தா. ஒருநாளும் பாக்கல."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "கடல்லதான் விழுந்தானா?"

"ஆமாம்மா."

"அவனுக்குத்தான் நீச்சத் தெரியுமே?"

"அம்புட்டுத் தண்ணிக்குப் பத்தாதும்மா."

வெகுநேரம் அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன தெரிந்ததோ அவளுக்கு? பிறகு முந்தானையை இழுத்துச் செருகினாள். "வெரசா எறங்கு. ஒம்மாமனுக்குச் சொல்லிவிடணும், சோலி கெடக்கு."

கொட்டகுடி ஆற்றங்கரையில் தர்ப்பையால் உன் உருவம் செய்து வைத்து, கருமாதி முடித்தோம்.

இனி அம்மா யார் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும், "என்னம்மா" என்று நான் போய் நிற்பேன், அண்ணே.

உன் கூடப்பிறந்தவள்