மாலை மாத்திரை

அன்பு மகள் பொடிசுக்கு,

அப்பா எழுதுகிறேன். இருவரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. பாதி நலம் என்று வைத்துக்கொள். உனக்குச் சளி விட்டதா, அந்த ஊர்க் குளிரில் தலைக்கு எதையாவது கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறாயா என்று தெரியவில்லை. கேட்டால் சிரிப்பாய், அதனால் கேட்கவில்லை.

போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று நினைப்பாய். நம் வீடு உனக்குத் தெரியாததா. சமையலறையில் தும்மினால் வாசலில் கேட்கும். உன் அம்மாவுக்குக் கண் மங்க மங்கக் காது தீட்டிக்கொண்டே போகிறது. நான் எழுதப்போவது உன்னிடம் சொல்லவே கூடாது என்று அவள் தடுத்து வைத்திருக்கிற விஷயம். போனில் மூச்சு விடமாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். விடவில்லையே. ஓட்டல் சலவைக்கூடத்தில், படுக்கை விரிப்புகள் மெஷினில் சுற்றுகிற நேரத்தில், இஸ்திரி மேஜை மேலேயே வைத்து எழுதுகிறேன். காகிதம் அங்கங்கே ஈரமாக இருந்தால் அது நீராவி. வேறு எதுவும் நினைத்துக்கொள்ளாதே.

போன வாரம் நீ அழுதுகொண்டே போனை வைத்தாய். "லீவுக்கு வரலேன்னு அம்மாவுக்கு என் மேல கோபம், அதான் என் மூஞ்சியைக்கூடப் பார்க்காம சுவத்தைப் பார்த்துப் பேசுறா" என்றாய். இனிமேல் வீடியோவில் கூப்பிடவே மாட்டேன், மாத்திரை மட்டும் அனுப்பிவிடுகிறேன் என்றும் சொன்னாய். அம்மா எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். கழுவின பாத்திரத்தையே எடுத்து மறுபடியும் கழுவினாள்.  இதை இப்படியே விட்டால் நீங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே போய்விடுவீர்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படி.

முதலில் கண் விஷயம். கண்ணுக்குள்ளே படம் விழுகிற இடம் ஒன்று இருக்கிறதாம். வயசாக ஆக அதன் நடுப்பகுதி சிலருக்குத் தேய்ந்துபோகிறது. அம்மாவுக்கு வலது கண்ணில் நடு முழுக்கப் போய்விட்டது. ஓரமெல்லாம் தெரியும், நேரே இருப்பது தெரியாது. இடது கண் பாதி வழியில் நின்றிருந்தது. அதைக் காப்பாற்றத்தான் நீ அனுப்புகிற மாத்திரை. போன பார்வையை அது திருப்பிக் கொண்டுவராது, இருப்பது கெடுகிற வேகத்தைக் குறைக்கலாம், அவ்வளவுதான் என்று கண் டாக்டரம்மா ஆரம்பத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார். உன் அம்மாவோ நீ கேட்கும்போதெல்லாம் "மாத்திரை சூப்பரா வேலை செய்யுது, எல்லாம் பளிச்சுனு தெரியுது" என்று அளந்துகொண்டிருந்தாள். நீ அங்கே நிம்மதியாகத் தூங்க வேண்டுமாம்.

சாப்பாட்டைக் கேட்காதே. பச்சைக் கீரை நிறைய, மஞ்சள் கருவோடு முட்டை, சோளம், வாரம் இரண்டு தடவை மீன் என்று டாக்டரம்மா சொன்னார். சமையல் இப்போது என் பொறுப்பு. கீரை விற்கிற அம்மா என்னைப் பார்த்தாலே கட்டுகளை எடுத்து வைத்துவிடுகிறாள். வீட்டில் ஆடு ஏதாவது வளர்க்கிறீர்களா என்று கேட்டாள். ஆமாம், இரண்டு வளர்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். வேகவைக்கிறேன், வதக்குகிறேன், அரைத்துச் சூப் வைக்கிறேன், எப்படிச் செய்தாலும் கடைசியில் அது கீரைதான். "கண்ணு போனாலும் போகட்டும், என் நாக்கையாவது விட்டுவைங்க" என்கிறாள் உன் அம்மா. சொல்லிவிட்டுத் தட்டைக் காலி செய்துவிடுவாள்.

மாத்திரை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. காலையில் நான் வேலைக்குக் கிளம்புமுன் என் கண்ணெதிரே போட்டுக்கொள்வாள். மாலையில் நான் வீட்டுக்கு வந்து கால் நீட்டினதும் என் உள்ளங்கையிலும் ஒரு மாத்திரையை வைத்துத் தண்ணீர் கொடுப்பாள். "நின்னுக்கிட்டே வேலை பாக்குறீங்களே, முட்டிக்கு நல்லதுன்னு பொண்ணு அனுப்பியிருக்கா" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் கையில் வைப்பதை நான் என்ன ஏது என்று கேட்டதில்லை. வாயில் போட்டுத் தண்ணீரைக் குடித்துவிடுவேன். முட்டி வலி ஒன்றும் குறையவில்லை. வயிறுதான் அடிக்கடி புரட்டியது. அதை அவளிடம் சொன்னால் முட்டி மாத்திரையை நிறுத்திவிடுவாள், பெண் ஆசையாக அனுப்பியதை வீணாக்குவானேன் என்று நானும் வாயைத் திறக்கவில்லை. நம் வீட்டில் எல்லோருமே பெரிய புத்திசாலிகள்.

போன மாதம் கண் பரிசோதனைக்குப் போனோம். கட்டம் கட்டமாகக் கோடு போட்ட தாளைக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டி, ஒவ்வொரு நாளும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கச் சொல்லியிருந்தார்கள். இடது கண்ணுக்கு அதில் கோடுகள் வளைய ஆரம்பித்திருந்தன. சட்டைத் தொழிற்சாலையில் செக்கிங்கில் இருந்தவள் அவள். ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும் அடுத்த மேஜையிலிருந்தே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள் நேர்க்கோடு நெளிகிறது என்று சொன்னாள். அன்றே கூட்டிக்கொண்டு ஓடினேன்.

டாக்டரம்மா அவளைப் பார்த்து முடித்ததும் என்னிடம், ஏன் ஐயா இவ்வளவு வாடியிருக்கிறீர்கள் என்று கேட்டார். வயிறு சரியில்லை, மகள் அனுப்பிய முட்டி மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்றேன். முந்தின நாள் மாலை இரவு ஷிப்டுக்குப் பஸ் பிடிக்கிற அவசரத்தில், அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று ஒன்றைச் சட்டைப் பையில் போட்டது அப்படியே இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அம்மாவின் பையிலிருந்து உன் பாட்டிலை எடுத்து அதிலிருந்து ஒன்றைக் கொட்டிப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒன்றுதான். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டரம்மா ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எனக்குப் பாதி போச்சு. இவரோடதுதான் முழுசா இருக்கு. இவருக்கும் போயிட்டா யாரு யாரு கையைப் பிடிச்சு ரோட்டைத் தாண்டுறது" என்றாள். டாக்டரம்மா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, நோய் இல்லாத கண்ணுக்கு இந்த மாத்திரையால் பயன் இல்லை, இவரை இது காப்பாற்றாது, உங்களுக்குத்தான் இரண்டும் வேண்டும் என்று நிதானமாக எடுத்துச் சொன்னார். நான் ஒரு காலத்தில் சிகரெட் குடித்தவன் என்றதும் பாட்டிலின் மேல் எழுதியிருந்ததை முழுக்கப் படித்தார். புகைபிடித்தவர்களுக்கு ஆகாத சரக்கு சில பழைய மாத்திரைகளில் உண்டாம். நல்லவேளை, நீ அனுப்பியதில் அது இல்லை.

மாலை மாத்திரையை எனக்குக் கொடுத்துவிட்டுக் காலையில் மட்டும்தான் போட்டாள், அதனால்தான் கோடு வளைந்ததா என்று நான் கேட்டேன். அப்படி யாராலும் சொல்ல முடியாது, முழுக்கப் போட்டிருந்தாலும் வந்திருக்கலாம் என்றார். அதைப் பிடித்துக்கொண்டுதான் பொழுதை ஓட்டுகிறேன். வீட்டுக்கு வந்து அவளை நன்றாகத் திட்டினேன்.  அவள் எழுந்து வந்து என் வயிற்றில் கை வைத்து, இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டாள். இவளை என்ன செய்வது, நீயே சொல்.

இப்போது இடது கண்ணுக்குள் மாதாமாதம் ஊசி போடுகிறார்கள். கேட்கத்தான் பயங்கரம், மருந்து விட்டு மரத்துப்போக வைத்துத்தான் போடுகிறார்கள். ஒன்று போட்டாகிவிட்டது. எவ்வளவு தூரம் பிடித்து நிறுத்தும் என்று போகப் போகத்தான் தெரியும் என்கிறார்கள். மாத்திரை இரண்டு வேளையும் அவள் வாய்க்குத்தான் போகிறது, நானே நின்று பார்க்கிறேன். ஓட்டலில் இரவு ஷிப்டை விட்டுவிட்டேன். அலுப்பாக இருக்கிறது, பொடிசு. கீரை ஆய்ந்துகொண்டே உட்கார்ந்தபடி தூங்கிவிடுகிறேன்.

இனி நீ அழுத விஷயத்துக்கு வருகிறேன். அவளுக்கு உன் மேல் கோபம் இல்லை. லீவுக்கு நீ வராதது நல்லது என்றுதான் சொன்னாள். வந்தால் கண்டுபிடித்துவிடுவாய், வேலையை விட்டுவிட்டு இங்கேயே உட்கார்ந்துவிடுவாய் என்று பயம். இடது கண்ணிலும் நடுவில் இப்போது ஒரு கறை நிற்கிறது. எதை நேராகப் பார்த்தாலும் அந்த இடம் அழிந்துவிடுகிறது. என்னை நேராகப் பார்த்தால் சட்டை தெரிகிறதாம், காது தெரிகிறதாம், முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லையாம்.

அதற்கு ஆஸ்பத்திரியில் ஒரு பெண் பயிற்சி கொடுத்தாள். முகத்தைப் பார்க்க வேண்டுமானால் முகத்தைப் பார்க்கக் கூடாதாம். கொஞ்சம் தள்ளி, பக்கத்தில் எதையாவது பார்க்க வேண்டுமாம். அப்போது முகம் ஓரத்தில் வந்து நிற்கும், மங்கலாக, ஆனாலும் நிற்கும். இதை அவள் என்னை ஜன்னலோரம் உட்காரவைத்துப் பழகினாள். ஆடாதீங்க, மூக்கைச் சொறியாதீங்க என்று ஒரே அதட்டல். உன் அழைப்பு வருமுன் போனை அலமாரியில் சாய்த்து வைத்து, சுவரில் எங்கே பார்த்தால் உன் முகம் வரும் என்று தேடிப் பிடித்து வைத்திருந்தாள். அன்றைக்கு நீ பேசப் பேச அவள் அந்த இடத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நீ போனை வைத்த பிறகு என்னிடம், பிள்ளை இளைத்துப்போயிருக்கிறாள், அழுது மூக்கு சிவந்துவிட்டது என்று சொன்னாள்.

வேலையை விட்டுவிட்டு வா என்று நான் எழுதமாட்டேன். எழுதினால் அவள் என்னை வீட்டுக்குள் விடமாட்டாள். முடிகிறபோது வருவாய் என்று எனக்குத் தெரியும். அதுவரை வீடியோவிலேயே கூப்பிடு. நான் எழுதியதைக் காட்டிக்கொள்ளாதே. வெளிச்சம் உன் முகத்தில் விழுகிற மாதிரி உட்கார். அம்மாவின் கண் வேறு பக்கம் போகும். அப்போது நீ நகராதே, அவள் உன்னைப் பார்த்து முடிக்கிறவரை அப்படியே இரு.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பில்லாத,
உன் அப்பா