கூரை வழியே போன திமிங்கிலம்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் எங்கள் கிரேனால் ஒரு பேக்கரிக்கு அடுப்பு இறக்கிக் கொடுத்தோம். இந்த வாரத்துக்கு அவ்வளவுதான் வேலை.

மதியம் பல்கலைக்கழகத்தின் கொள்முதல் அலுவலகம் கூட்டிய சந்திப்புக்குப் போனேன். சிறு கம்பெனிகள், பெண்கள் நடத்துபவை, எங்களைப் போன்ற கறுப்பர்கள் நடத்துபவை, எல்லாரையும் வருடம் ஒருமுறை கூப்பிட்டு ஆளுக்கொரு மேசை போட்டுக் கொடுப்பார்கள். பேனா கிடைக்கும், கைகுலுக்கல் கிடைக்கும். வேலை கிடைத்ததில்லை. தங்கை ட்வைலா இதற்கு வருவதையே நிறுத்திவிட்டாள்.

இந்த முறை கொள்முதலுக்குப் புதிதாக வந்திருக்கும் டெல்ஃபின் பாய்கின் என்ற அம்மாள் என் மேசை முன்னால் நின்று எங்கள் கிரேன் படத்தை எடுத்துப் பார்த்தார்.

"இதை ஓட்டுறது யாரு?"

"என் தங்கச்சி."

"பாரம் கட்டுறது?"

"நான்தான்."

"அப்ப எங்கூட வாங்க. ஒண்ணு காட்டணும்."

பழைய அருங்காட்சியகத்துக்கு நடத்திக்கொண்டு போனார். இந்த ஊரிலேயே பிறந்தவள் நான், ஒருநாளும் அதற்குள் போனதில்லை. கறுப்பர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகிற காலமாக அது இருக்கவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன்.

என்ன எழுதுவது? கூடம் முழுக்க ஒரு எலும்பு மிருகம் காற்றில் மிதக்கிறது. தலை மட்டுமே எங்கள் லாரி அளவுக்கு. விலா ஒவ்வொன்றும் தேவாலயத்து வளைவு மாதிரி. அப்புறம் அதன் துடுப்பைப் பார்த்தேன். துடுப்புக்குள்ளே கை! ஐந்து விரல். என் கையைத் தூக்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், பைத்தியக்காரி மாதிரி.

"அது கை வச்சிருந்த காலத்தை இன்னும் மறக்கல" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எலும்புகளைப் பார்த்துக்கொள்ளும் டாக்டர் இங்க்ரிட் ஹால்வர்சன். இந்தத் திமிங்கிலம் கடற்கரையில் ஒதுங்கி எழுபது வருடம் ஆகியும் மண்டையோட்டிலிருந்து இன்னும் எண்ணெய் கசிகிறதாம். கீழே ஒரு தட்டு வைத்திருக்கிறார்.

புதிய கட்டடம் தயாராகிறது, எல்லாம் அங்கே போக வேண்டும். ஆனால் திமிங்கிலத்தை முதலில் வைத்துவிட்டுத்தான் இந்தக் கூடத்துக்குச் சுவரே எழுப்பியிருக்கிறார்கள். மற்ற எலும்புகளைக் கழற்றிவிடலாம். மண்டையோடு எந்தக் கதவிலும் நுழையாது.

மறுபடி நிமிர்ந்து பார்த்தேன். அதற்கும் மேலே, கண்ணாடிக் கூரை.

மார்ச் 7, வெள்ளி

விட்லாக் எங்கள் கொட்டகைக்கு வந்தார்! இந்த மாநிலத்திலேயே பெரிய சரக்குக் கம்பெனிக்காரர். எங்கள் நாற்காலியில் உட்காருமுன் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்.

"மிஸ் ஸ்ப்ரூயில், அருங்காட்சியகத்தை மாத்துற மொத்த வேலையும் வரப்போகுது. பெண்கள் கம்பெனி, கறுப்பர் கம்பெனின்னா அவங்களுக்கு ரொம்ப சந்தோஷம். உங்க பேர்ல ஒப்பந்தம் கேப்போம். ஆளு, வண்டி எல்லாம் என்னுது. நீங்க கையெழுத்துப் போட்டுட்டு வீட்ல இருங்க, உங்க பங்கு வந்து சேரும்."

மண்டையோடு கதவில் நுழையாதே என்றேன்.

"ரெண்டா அறுத்தா நுழையும். அங்க போய் ஒட்டிக்கலாம்."

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். ஏன் உடனே மாட்டேன் என்று சொல்லவில்லை?

மார்ச் 8, சனி

ட்வைலாவோடு சண்டை. மீன் பொரித்துக்கொண்டே கத்தினாள்.

"உனக்கு அம்பத்தொண்ணு ஆச்சு அக்கா. எனக்கு முட்டி போச்சு. சும்மா வர்றதை எவளாவது வேண்டாம்பாளா?"

"சும்மா எங்கடி வருது? பேரை வாங்கிக்கிட்டுல்ல குடுக்கிறான்."

"பேரை வறுத்துத் திங்க முடியுமா?"

அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதுதான் எரிச்சல். கடைசியில் அவளைக் காரில் போட்டு அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் முணுமுணுத்தாள். உள்ளே போனதும் துடுப்புக்குக் கீழே போய் நின்று நிமிர்ந்து பார்த்தாள். "இதையா அறுக்கப் போறான்?" என்றாள்.

மார்ச் 10, திங்கள்

விட்லாக்குக்கு போன் செய்து மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 20, வியாழன்

எல்லாம் வீண். மொத்த இடமாற்றமும் ஒரே ஒப்பந்தம். அதற்குக் கேட்கிற காப்பீட்டை எங்கள் அளவு கம்பெனிக்கு எவனும் தர மாட்டான். நேரில் போய், முடியாது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று பாய்கின் அம்மாளிடம் சொன்னேன்.

அவர் பேனாவை மூடிவைத்தார். "வருஷா வருஷம் உங்களை எல்லாம் கூப்பிடுறோம், மேசை போடுறோம். அப்புறம் யானை மட்டுமே நுழையிற மாதிரி வாசல் வைக்கிறோம். ஒரே ஆளுக்குத்தான் மொத்தமும் தரணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு? திமிங்கிலத்தைத் தனி ஒப்பந்தமாப் பிரிக்கிறேன்."

"உங்க மேலதிகாரி ஒத்துக்குவாரா?"

"கத்துவாரு. கத்தட்டும்."

என்ன பெண் இவர்!

ஏப்ரல் 15, செவ்வாய்

திமிங்கிலம் எங்களுக்கு!! மற்றதெல்லாம் விட்லாக்குக்கு.

வேலை உண்மையிலேயே எங்கள் கையால்தான் நடக்குமா என்று நேரில் பார்க்க பாய்கின் வந்தார். பல்கலைக்கழக விதி அப்படி. ட்வைலா கிரேனில் ஏறினாள், பழைய லாரி எஞ்சின் ஒன்றைத் தூக்கினாள், சுற்றிக் கொண்டுவந்து, கவிழ்த்து வைத்த காகிதக் கப் ஒன்றின் தலையைத் தொடுகிற மாதிரி நிறுத்தினாள். கப் நசுங்கவில்லை.

"காபி வேணும்னா வேற கப் எடுத்துக்குங்க மேடம்" என்று மேலிருந்து குரல்.

பாய்கின் சிரித்து இன்றுதான் பார்த்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

படுதோல்வி. எழுதவே பிடிக்கவில்லை.

கண்ணாடிக் கூரையைக் கழற்றியாயிற்று. மண்டையோட்டை நானும் ஹால்வர்சனும் பஞ்சு மெத்தைகளால் சுற்றி, இரும்புச் சட்டத்தில் உட்காரவைத்து, பட்டைக்கயிறு கட்டினோம். வெளியே தொலைக்காட்சிக்காரர்கள், துணைவேந்தர், மாணவர்கள், விட்லாக்கும் கூட. தூக்கச் சைகை காட்டினேன். கூரை விளிம்பு வரை அழகாக வந்தது. அங்கே காற்று.

"அக்கா, திரும்புது" என்றாள் ட்வைலா வாக்கிடாக்கியில். குரல் தாழ்ந்திருந்தது. ஆபத்து என்றால்தான் அவள் குரல் தாழும்.

எல்லாரும் பார்க்கிறார்கள். இன்னும் ஓர் ஆள் உயரம் போனால் வெளியே வந்துவிடும். போய்விடுமா? இல்லை, கூரைச் சட்டத்தில் இடிக்குமா?

கையைக் கீழே இறக்கினேன். ட்வைலா மெல்ல மெல்லத் திரும்ப உள்ளே இறக்கிவிட்டாள்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். துணைவேந்தர் கடிகாரத்தைப் பார்த்து, "அவ்வளவுதானா?" என்றார்.

"அவங்க சொன்னா அவ்வளவுதான் சார்" என்றார் பாய்கின்.

ஹால்வர்சன் என் தோளில் கை வைத்துவிட்டுப் போனார். நாளை வருகிறோமா என்று கூட யாரும் கேட்கவில்லை.

ஜூன் 11, புதன்

விடியும்போதே போனோம். மரத்தில் ஓர் இலை ஆடவில்லை. கேமராக்காரர்கள் இல்லை, துணைவேந்தர் இல்லை. பாய்கின், ஹால்வர்சன், கண்ணாடிப் பெட்டிகளைக் கட்டுவதற்கு வந்திருந்த விட்லாக்கின் ஆட்கள் கொஞ்சம் பேர். அவ்வளவுதான்.

கை காட்டினேன்.

அது வந்தது. கூரைக்கு மேலே முதலில் மூக்கு நுனி, பிறகு வளைந்த நீண்ட தாடை, கண் இருந்த குழி. ஏறிக்கொண்டே இருந்தது. இளஞ்சிவப்பு வானத்தில், மரங்களுக்கு மேலே, ஒரு திமிங்கிலத்தின் தலை. அந்தக் கூடத்துக்குள் அடைபட்ட பின் இன்றுதான் அது வெளியே வருகிறது. மெத்தைகளின் இடுக்கில் எண்ணெய் மினுங்கியது. பறவைகள் கூடச் சத்தம் போடவில்லை என்று எனக்குத் தோன்றியது. உண்மையா தெரியாது. விட்லாக்கின் ஆட்கள் பெட்டிகளைக் கீழே வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்கள். யாரும் அவர்களைக் கழற்றச் சொல்லவில்லை.

நான் கை காட்ட மறந்து நின்றிருக்கிறேன்.

"அக்கா... அக்கா! தொங்கிட்டு இருக்குக்கா, ஏதாவது சொல்லு!"

"இறக்குடி, இறக்கு. மெதுவா."

லாரி மேல் உட்கார்ந்தபோது பலகை ஒரு முனகல்கூட முனகவில்லை. ட்வைலா இறங்கி வராமல் கேபினிலேயே இருந்தாள். ஏறிப் பார்த்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

"வேர்வை" என்றாள்.

"ஆமா, வேர்வை" என்றேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

புதிய அருங்காட்சியகம் திறந்தாயிற்று. தேவாலயம் முடிந்து நேராக அங்கே போனோம். சுவரில் பணம் கொடுத்தவர்களின் பெயர்கள். எங்கள் பெயர் இல்லை. இருக்கும் என்று நினைக்கவும் இல்லை.

கூடத்தின் நடுவில், தொங்கும் திமிங்கிலத்துக்கு நேர் கீழே, ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியைக் கழற்றிவிட்டு, நல்ல உடையோடு தரையில் மல்லாந்து படுத்துவிட்டாள் ட்வைலா.

"எழுந்திருடி, எல்லாரும் பாக்கிறாங்க."

"நீயும் படு. இங்கருந்துதான் நீந்துது."

படுத்தேன். உண்மைதான். நீந்துகிறது.

அக்டோபர் 6, திங்கள்

வேதியியல் கட்டடத்தில் பழைய கொதிகலன் ஒன்றை இறக்க வேண்டுமாம். பாய்கின் காலையிலேயே கூப்பிட்டார், வேறு எதுவும் கேட்கவில்லை: "எப்ப வர்றீங்க?" புதன்கிழமை நூலகத்தில் அலமாரிகள். இந்தக் கொதிகலனைப் பார்க்க ஒரு ஈயும் வராது.

ட்வைலா வாசலில் ஹாரன் அடிக்கிறாள்.