காதுகுத்து மண்டபத்தில் ஓடிய உன் படம்

சங்கராபுரம்
புதன்கிழமை மத்தியானம்

அன்பு மகள் எழில்மதிக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். நீயும் பிராட்ஃபோர்டு குளிரில் நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க மாரியாத்தாளை வேண்டிக்கொள்கிறேன். உடம்புதான் நன்றாக இருக்கிறது கண்ணு, மனசு நன்றாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை நீ பேசி வைத்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போனிலேயே சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை கூப்பிட்டேன், உன் முகம் தெரிந்ததும் தக்காளி விலையையும் மழையையும் பேசிவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன், எழுதினால் நீ குறுக்கே பேசமாட்டாய், நானும் அழமாட்டேன். ஒவ்வொரு பக்கத்துக்கு மேலேயும் நம்பர் போட்டுப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன், வரிசையாகப் படி, கடைசிப் பக்கத்துக்கு முதலில் ஓடாதே, அந்தப் பழக்கம் உனக்குச் சின்ன வயசிலிருந்தே உண்டு.

நீ ஞாயிற்றுக்கிழமை சொன்னதை எனக்குப் புரிந்தபடி முதலில் எழுதிவிடுகிறேன், தப்பு இருந்தால் சொல், தப்பாக இருக்கட்டும் என்றுதான் நான் சாமியை வேண்டிக்கொண்டிருக்கிறேன். உன் படம் பெரிய கம்பெனிப் படம் இல்லை, அதற்கென்று ஒரு முதலாளி கிடையாது. லாட்டரிப் பணத்தில் படம் எடுக்கப் போகிறேன் என்று நீ முதலில் சொன்னபோது உன் அப்பா வேண்டவே வேண்டாம் என்றார், நம்ம பக்கம் லாட்டரி என்றால் தாலி அடகுக்குப் போன கதைதான் தெரியும். அங்கே சீட்டு விற்கிற பணத்தில் ஒரு பங்கைப் படம், நாடகம் என்று ஒதுக்குகிறார்கள், அதையும் கேட்டவருக்கெல்லாம் தூக்கிக் கொடுப்பதில்லை, நீயும் உன்னோடு சேர்ந்து படம் தயாரிக்கிற ஹெலனும் மூன்று வருஷம் மனு எழுதி, இரண்டு தடவை இல்லை என்று கேட்டு, மூன்றாவது தடவைதான் கிடைத்தது என்று நீ சொன்ன பிறகுதான் அவருக்குச் சமாதானம் ஆனது. அதுவும் போதாமல் இன்டர்நெட்டில் கேட்டு முகம் தெரியாத நானூறு பேர் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டார்கள், படத்தின் கடைசியில் அவர்கள் பேர் ஓடும் என்றாய். கோயில் டியூப்லைட்டில் உபயம் என்று எழுதுவார்களே அது மாதிரியா என்று கேட்டேன், விழுந்து விழுந்து சிரித்தாய். கேமரா பிடிக்கிறவரும் சவுண்ட் பிடிக்கிற டாமும் பாதிச் சம்பளத்துக்கு வந்தவர்கள், மீதி படம் விற்ற பிறகுதான். போன வருஷம் தை மாசம் எட்டுப் பேராக வெள்ளிமலைக்கு வந்து ஒன்பது நாள் எடுத்தீர்கள், மலைமேல் நான்தான் உங்களுக்குச் சமைத்தேன், அந்த டாம் சாமைச் சோற்றை மூன்றாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு மீதிச் சம்பளம் வருமா என்றுதான் கவலை.

எடுப்பது பாதி வேலைதானாம், அதை நாலு பேரைப் பார்க்க வைப்பது அதைவிடப் பெரிய வேலையாம். ஊர் முழுக்க போஸ்டர் ஒட்ட உங்களிடம் வழி இல்லை. அதனால் கடலோரத்து ஊரில் அடுத்த மாசம் நடக்கிற அந்தத் திரைப்பட விழாவில் உன் படம் உலகத்திலேயே முதல் தடவையாக ஓட வேண்டும், அதைப் பார்த்துப் பேப்பர்காரர்கள் எழுத வேண்டும், அதைக் காட்டி ஏஜெண்டு வேறு வேறு நாட்டுக்கு விற்பார், லண்டன்காரர் ஒருத்தர் பன்னிரண்டு தியேட்டரில் போடுவார், நீ ஊர் ஊராக ரயிலில் போய்ப் படம் முடிந்ததும் ஜனங்களோடு பேச வேண்டும், அப்புறம்தான் போனில் எல்லாம் வரும். இவ்வளவும் அந்த முதல் காட்சியைப் பிடித்துத்தான் தொங்குகிறது. அதற்கு முன்னால் படம் எங்கேயும் பொதுவில் ஓடியிருக்கக் கூடாது, இன்டர்நெட்டில் வந்திருக்கவே கூடாது, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று நீயும் ஹெலனும் வருகிற வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட வேண்டும். நீ இதையெல்லாம் சந்தோஷத்தில் மூச்சு விடாமல் சொன்னாய், நான் சரி கண்ணு, சரி கண்ணு என்றேன். மதி, அந்தப் படம் ஓடிவிட்டது. ஆவணிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை உன் தமிழரசன் மாமா பேரனுக்குக் காது குத்தினோமே, அந்த மண்டபத்தில் முந்நூறு பேர் நடுவில் முழுப் படமும் ஓடிவிட்டது. ஓட்டச் சொன்னது நான்தான்.

ஏன் செய்தேன் என்று சொல்கிறேன், கேட்டுவிட்டுத் திட்டு. நம் மக்காச்சோளக் கொல்லையில் களை வெட்ட வருகிற இருசம்மாள், உன் படத்தில் அம்மாவாக நடித்தவள், அவளை நடிக்க வா என்று கையைப் பிடித்து இழுத்து வந்ததே நான். ஓடையில் அவள் துணி துவைக்கிற காட்சி எடுத்த அன்றைக்கு, அவள் கூச்சப்படுகிறாள் என்று ஆம்பளைகளையெல்லாம் வளைவுக்கு அந்தப் பக்கம் போகச் சொல்லிவிட்டு, கேமராவை நீயே பிடித்தாய் இல்லையா. ஜீப்பு ஓட்டின மாயவன் அதைக் கீழே வந்து டீக்கடையில் சொல்லியிருக்கிறான். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, ஆனால் ஊர் வாயில் அது காதும் மூக்கும் வைத்துக்கொண்டது. வெள்ளைக்காரன் ஊர்ப் படம், ஆம்பளையை விரட்டிவிட்டு ஓடையில் என்னத்தை எடுத்தார்களோ என்று பேசி, அந்தப் பேச்சு திருநாவலூர் வரைக்கும் போய்விட்டது. இருசம்மாள் மகள் தேவிப்ரியாவுக்கு அங்கேதான் பேசி முடித்திருந்தது. மாப்பிள்ளையின் அம்மா விஜயலட்சுமி, நிச்சயத்தை இப்போது வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். பிறகு பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று உனக்கே தெரியும்.

இருசம்மாள் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்து, "யக்கா, நீங்க கூடவேதானே இருந்தீங்க, நான் இன்னா தப்பு பண்ணேன், நீங்களே சொல்லுங்க" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். நான் போய்ச் சொன்னால் யார் நம்புவார்கள், படம் எடுத்தவளின் அம்மா வேறு எப்படிச் சொல்வாள் என்பார்கள். கண்ணால் பார்த்தால்தான் ஊர் வாய் மூடும். ஆடி மாசம் நீ எனக்கும் அப்பாவுக்கும் பார்க்க என்று லிங்க்கும் அதைத் திறக்கிற எழுத்தும் அனுப்பியிருந்தாய், யாருக்கும் அனுப்பிவிடாதே அம்மா என்றும் சொல்லியிருந்தாய். நான் யாருக்கும் அனுப்பவில்லை, நம் சனங்களுக்குக் காட்டத்தானே போகிறேன் என்று நானே எனக்கு நியாயம் சொல்லிக்கொண்டேன். விஜயலட்சுமி தமிழரசன் பெண்டாட்டிக்குத் தூரத்துச் சொந்தம், காதுகுத்துக்கு வருவாள் என்று தெரிந்துதான் இருசம்மாளையும் கூட்டிக்கொண்டு போனேன். இப்போதெல்லாம் பெரிய எல்.இ.டி. திரை வைக்காமல் காதுகுத்துக் கிடையாது, குழந்தை போட்டோவாக ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து வந்த ஸ்டூடியோக்காரர் அஜித்குமாரிடம் என் போனைக் கொடுத்து, மகள் எடுத்த படம் தம்பி, கொஞ்சம் போடு என்றேன். அந்த ரகசிய எழுத்தைக்கூட என் வாயாலேயே சொன்னேன்.

மதி, உன் படத்தை நம் சனம் எப்படிப் பார்த்தது என்று நீ பார்த்திருக்க வேண்டும். மூன்றாவது பந்திக்கு இலை போட்டும் எழுந்து போக ஆளில்லை. இங்கிலீஷில் பேசுகிற இடத்திலெல்லாம் பிள்ளைகளை அதட்டி அர்த்தம் கேட்டார்கள், நீ அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் எடுத்த காட்சிக்கு உன் மாமா மூக்கை உறிஞ்சினார். ஓடைக் காட்சி வந்தது. இருசம்மாள் கல்லில் உட்கார்ந்து புடவையைக் கசக்குகிறாள், முதுகும் கையும் தண்ணீரும்தான் தெரிகிறது, வேறு ஒன்றும் இல்லை. விஜயலட்சுமி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "இதுக்கா இம்மாம் பேச்சு பேசினு இருந்தாங்க? எங்க வூட்லயும் நான் இப்டித்தான் தொவைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய் இருசம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். வருகிற ஐப்பசி வளர்பிறையில் நிச்சயம் வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு ராத்திரி எனக்கு என் கல்யாணத்தன்றைக்கு வந்ததைவிட நல்ல தூக்கம் வந்தது.

மறுநாள் லண்டன் பக்கம் இருக்கிற நம் ரம்யா, அப்பாவுடைய ஒன்றுவிட்ட தம்பி மகள், பெரியம்மா மதி அக்கா படம் பார்த்தேன், சூப்பர் என்று செய்தி அனுப்பியிருந்தாள். நான் பெருமையில் மூன்று பூ அனுப்பினேன். அவள் எங்கிருந்து பார்த்தாள் என்று என் மண்டையில் உறைக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை நீ பேசி வைத்த பிறகுதான் பொறி தட்டியது. தமிழரசனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர்கள் பார்க்கட்டும் என்று அஜித்குமார் விசேஷம் முழுவதையும் யூடியூபில் நேரலையாக விட்டிருக்கிறார், எல்லா விசேஷத்துக்கும் இப்போது அப்படித்தான் செய்கிறார்களாம். ஸ்டாண்டில் நின்ற கேமராவை நான் பார்த்தேன், வழக்கமாக வீடியோ எடுக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். அது திரையையும் சேர்த்துப் பிடித்து உன் படத்தை முதலிலிருந்து கடைசி வரைக்கும் அனுப்பியிருக்கிறது. மூன்று வாரமாக அங்கேயே கிடந்திருக்கிறது, தமிழரசன் இல்லக் காதணி விழா என்ற பேரில், அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்துக் கள்ளக்குறிச்சிக்குப் போய்க் கடை திறக்கும் வரைக்கும் ஷட்டர் முன்னால் நின்றேன். பாவம், அஜித்குமார் என் முகத்தைப் பார்த்தே பயந்துவிட்டார், என் கண் முன்னாலேயே அதை எடுத்துவிட்டார். "யம்மா, தூக்கிட்டேன், இனிமே ஒருத்தரும் பாக்க முடியாதுங்க, நீங்க கம்முனு இருங்க, யாருக்குத் தெரியப் போது" என்றார். யாராவது அதற்குள் எடுத்து வைத்திருந்தால் என்று கேட்டதற்கு, அதற்குத் தான் ஒன்றும் செய்ய முடியாது என்றார். தேவிப்ரியா வேறு, என் அம்மா என்று எழுதி அந்த ஓடைக் காட்சியை ரீல்ஸில் போட்டிருக்கிறாள். அதை எடுத்துவிடு என்று சொல்லப் போனேன், அந்தப் பெண் முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்த்துவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் மோட்டார் கொட்டகைக்குப் போய்விட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்து, அஜித்குமார் சொன்னதுதான் சரி, கம்முனு இரு, பாப்பாவுக்குத் தெரியாவிட்டால் பாப்பா மேல் பாவம் இல்லை என்றார்.

இரண்டு நாளாக அதையேதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் வாயைத் திறக்காவிட்டால் நீ தெரியாமல் கையெழுத்துப் போடுவாய், உன் மனசு சுத்தமாக இருக்கும், பாவம் என்னோடு போகும். ஆனால் ரம்யா அங்கேதான் இருக்கிறாள், உன் படத்துக்குச் சினேகிதிகளைக் கூட்டிக்கொண்டு வந்து, நான் இதை ஆவணியிலேயே பார்த்துவிட்டேன் என்று பெருமையாகச் சொல்வாள், அந்தப் பெண்ணுக்கு வாயில் பூட்டு கிடையாது. அப்போது பொய்க்காரி என்ற பேர் உனக்கும் ஹெலனுக்கும்தான் வரும், என்னை யாருக்கு அங்கே தெரியும்? அடுத்த தடவை மனு எழுதினால் அந்தப் பேர் முன்னால் போய் நிற்கும். அதை நினைத்துத்தான் இன்று காலை நோட்டை எடுத்தேன். ஹெலனிடம் காட்டு, விழாக்காரர்களிடம் சொல், மூடி மறைக்காதே. என் அம்மா தெரியாமல் செய்துவிட்டாள் என்று என் பேரைப் போட்டு எழுது, வேண்டுமானால் நானே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். அவர்கள் மனிதர்கள்தானே, காதுகுத்து என்றால் என்ன என்று கேட்டால் விளக்கிச் சொல். மனசு வராமல் படத்தைத் தள்ளிவிட்டார்கள் என்றால், அந்தப் பழி என்னுடையது, உன்னுடையது இல்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் முன்னாலேயே தெரிந்திருந்தால் செய்திருப்பாயா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். மாட்டேன் என்று உடனே சொல்ல வரவில்லை கண்ணு, இருசம்மாள் வரப்பில் உட்கார்ந்திருந்த இருப்பு அப்படி. ஆனால் உன் ஆறு வருஷ உழைப்பை எடுத்து இன்னொருத்திக்குக் கொடுக்கும்போது உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. என் மகள் பொருள், எனக்கில்லாத உரிமையா என்று இருந்துவிட்டேன். அதற்குத்தான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

நீ நூறு வயசு நல்லா இருக்க வேண்டும், எடுத்த காரியம் எதுவும் தடங்கல் இல்லாமல் முடிய வேண்டும், நான் வைத்த தடங்கலும் விலக வேண்டும் என்று மாரியாத்தாளுக்குக் காசு முடிந்து வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிடாதே, ஞாபகம். இந்தப் பக்கங்களை அனுப்பிவிட்டுப் போனை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அது அடித்தால் எடுக்கப் பயமாக இருக்கும், அடிக்காவிட்டால் அதைவிடப் பயமாக இருக்கும். திட்டுவதற்காகவாவது கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மா
ரா. தங்கமணி